தோட்டப்புறத்தை எழுதும் முன் தோட்டப்புறத்தைத் தெரிந்துகொள்வோம்

(தோட்டப்புறப் பள்ளிகளுக்குப் புதிதாகச் செல்லும் ஆசிரியர்களுக்கும், தேர்வுக்குத் தயாராகும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும்)



கிராம வாழ்க்கை, உழைக்கும் மக்கள், தோட்டப்புறம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கட்டுரைத் தலைப்பாக வந்தால் நம் மாணவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல..." என்று ஒரு வரி. பிறகு பறவைகளின் கீச்சொலி, சில்லென்ற காற்று, வெள்ளந்தி மனிதர்கள். முடிவுரையில் "கிராமமே சொர்க்கம்". இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு மனிதர்கூட வேலை செய்வதைப் பார்க்க முடியாது.

தலைநகர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த நான், பல ஆண்டுகளுக்கு முன் தென் கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் இடைநிலைப்பள்ளிக்கு மாற்றலாகிப் போனேன். முதல் மாதமே நான்காம் படிவத்துக்கு "தோட்டப்புறத்தில் ஒரு நாள்" என்ற தலைப்பைக் கொடுத்தேன். வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் பச்சைக் கம்பளம்தான். அவற்றில் ஒன்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் எழுதியது. அவள் தினமும் பார்க்கும் தோட்டம் அதில் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் கட்டுரையில எழுதலாமா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள்.

எழுதத் தகுந்தது வழிகாட்டி நூலில் இருக்கிறது, தன் வீட்டில் இல்லை என்று அந்தப் பிள்ளை நினைத்ததற்கு அவள் காரணம் அல்ல. அப்படி நினைக்க வைத்தவர்களில் நாமும் இருக்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரையில், புதிதாக வருகிறவர் தோட்டப்புறத்தை எப்படிப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி எழுத வேண்டும் என்று விளக்க முயல்கிறேன். உதாரணத்துக்கு ரப்பர்த் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டன் பூட்டன் காலத்து மொழியில் சொன்னால், கித்தாக் காடு.

1. முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். வந்த ஆண்டில் ஒரு பெற்றோர் சந்திப்பை நடத்தினேன். சனிக்கிழமை காலை 8 மணி. பட்டணத்தில் அது எல்லாருக்கும் வசதியான நேரம். வந்தவர்கள் நான்கு பேர். "பெற்றோரின் ஒத்துழைப்பு குறைவு" என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். பிறகு ஒரு மாணவனின் தாத்தா கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எட்டு மணிக்கு வெச்சா எப்படிம்மா வருவாங்க? அந்நேரம் எல்லாரும் நிரையிலதான் நிப்பாங்க. மூணு மணிக்கு வெச்சுப் பாருங்க." அடுத்த முறை பிற்பகல் 3 மணிக்கு வைத்தேன். நாற்காலி போதவில்லை.

ஏன் காலையிலேயே பால் வெட்ட வேண்டும்? இது வெறும் பழக்கம் அல்ல, மரத்தின் இயல்பு. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் மிக நுண்ணிய பால்குழாய்கள் இருக்கின்றன. இரவில் இலைகளின் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. அதனால் விடியும் முன் அந்தக் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, பாலும் குறைந்துவிடும்.

அதனால்தான் தோட்டத்தில் நாள் இருட்டிலேயே தொடங்குகிறது. காலை 5.30 மணிவாக்கில் பெரட்டு, அதாவது ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வெட்டி முடித்தபின் பால் வடிய இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, மறுபடியும் அதே மரங்களைச் சுற்றி வந்து பால் எடுக்க வேண்டும். பிறகு நிறுவை. வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிடும்.

ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்னே கிளம்பிவிட்டால், தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவது மூத்த பிள்ளையின் வேலை. முதல் பாடத்துக்குத் தாமதமாக வரும் மாணவி சோம்பேறியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திட்டுவதற்கு முன், "காலையில வீட்டுல யாரு இருப்பாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

2. அடுத்து, கையின் திறமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

"படிப்பறிவில்லாத எளிய தொழிலாளர்கள்" என்று மாணவர்கள் எழுதுவார்கள். அந்த வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் "எளிய" என்ற சொல்லை எழுதக் கை வராது.

பால் வெட்டு என்பது மரத்தை வெட்டுவது அல்ல. பட்டையைச் சீவுவது. ஏற்கனவே இருக்கும் வெட்டின் மேல் உளியை வைத்து, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் இருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னாளில் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. வளர்படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு உளியை நிறுத்த வேண்டும். அதுவும் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில்.

வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சாய்வில் இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக மேலே போகாமல் சற்றுச் சாய்ந்து சுற்றிப் போகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும்.

ஒரு காலை வேளையில் ஒருவர் ஏறக்குறைய 500 மரங்களை வெட்டுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்துபோகும் நேரத்தையும் சேர்த்து ஒரு மரத்துக்கு அரை நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை நிமிடத்தில் ஒட்டுப்பாலை உரித்து, மங்கைச் சரிசெய்து, பட்டையைச் சீவி, அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். கணிதம் பிடிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைக் கட்டுரையிலேயே போட்டுக் காட்டலாம். பத்து அடைமொழிகளைவிட இந்த ஒரு கணக்கு அதிகம் பேசும்.

இந்தத் திறமைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கில் உள்ள கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மட்டும் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச். என். ரிட்லி. பாடநூலில் ரிட்லியின் பெயர் இருக்கும். அந்த முறையை விடியற்காலைதோறும் மரம் மரமாகச் செய்து காட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. அந்தக் கைகளில் பல, தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோருடையவை.

3. மழையும் இலையுதிர்வும்: வருமானம் எங்கே நிற்கிறது?

கட்டுரைகளில் மழை என்றாலே மகிழ்ச்சிதான். "மழை பெய்தது, மண் மணந்தது, மக்கள் மகிழ்ந்தனர்." நெல்வயலுக்கு அது பொருந்தலாம். கித்தாக் காட்டில் விடியற்காலை மழை என்றால் அன்றைய வெட்டு போச்சு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுத் தடத்தில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்துவிடும். மங்குக்குள் விழுந்த பாலையும் மழைநீர் நிரப்பிக் கெடுத்துவிடும்.

வட மாநிலங்களில் ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில், ரப்பர் மரங்கள் இலையை உதிர்க்கும். புதுத் தளிர் வந்து முற்றும்வரை பால் குறைவுதான். பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். காடு முழுக்கச் செம்மஞ்சள் இலை. நடந்தால் சரசரவென்று சத்தம். நான் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஓர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்களுக்குப் படம் டீச்சர், எங்களுக்குப் பாதிச் சம்பளம்." அழகை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அழகோடு அந்த அக்காவின் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

பாலை நிறுக்கும்போதும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பாலில் பெரும்பகுதி நீர். அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் மதிப்பு போடுவார்கள். ரப்பர் விலையோ உலகச் சந்தையில் ஏறி இறங்குவது. காணி வைத்திருப்பவரும் வெட்டுகிறவரும் அந்த விலையைக் கேட்டுக்கொள்ளலாம், நிர்ணயிக்க முடியாது. நம் நாட்டில் ரப்பர் நிலத்தின் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களின் கையில் இருக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். எஸ்டேட் லயத்தை மட்டும் எழுதினால் படம் முழுமையாகாது. பக்கத்துக் கம்பத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் பாக்சிக்கும் அதே மழை, அதே விலைதான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழியை இந்த இடத்தில் பயன்படுத்தினால் பொருத்தமாக இருக்கும். திருக்குறளில் உழவு என்று ஓர் அதிகாரமே, 104-ஆம் அதிகாரம், இருப்பதையும் குறிப்பிடலாம். ஆனால் பழமொழியை முதலில் எழுதிவிட்டு உதாரணத்தைத் தேடாதீர்கள். உதாரணத்தைச் சொன்ன பிறகு பழமொழியை வையுங்கள்.

4. காடு மாறிவிட்டதையும் சொல்லுங்கள்

இன்று பல தோட்டங்களில் ரப்பர் மரம் இல்லை, செம்பனைதான். தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வணிக நோக்கில் தொடங்கிய செம்பனைப் பயிர், இன்று நாட்டின் முகத்தையே மாற்றியிருக்கிறது. அங்கே வேலையின் தாளம் வேறு. ஒரு குலை 20 கிலோவைத் தாண்டலாம். நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து பார்த்து அறுக்க வேண்டும். தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை வைத்துத்தான் குலை பழுத்ததா என்று கணிப்பார்கள். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால் நல்லது; தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும்.

ஆட்களும் மாறிவிட்டார்கள். நம் குடும்பங்கள் பல பட்டணத்துக்குப் போய்விட்டன. லயத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டியின் உழைப்பைப் போற்றிவிட்டு, அதே வேலையை இன்று செய்கிறவரை "அந்நியத் தொழிலாளர் பிரச்சினை" என்று மட்டும் எழுதினால் அந்தப் போற்றுதலுக்கு அர்த்தமில்லை.

5. தோட்டத்துச் சொற்களுக்கு மதிப்புக் கொடுங்கள்

கீழே உள்ள சொற்களைக் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதன்முறை வரும்போது ஒரு சிறு விளக்கம் கொடுத்தால் போதும்.

கித்தா: ரப்பர். மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.
நிரை: வரிசையாக நட்ட மரங்கள், ஒருவருக்கு ஒதுக்கிய வெட்டுப் பகுதி.
உளி: பட்டை சீவும் கருவி.
மங்கு: பால் வடிந்து சேரும் கோப்பை.
காண்டா: இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி.
ஒட்டுப்பால்: வெட்டின் மேல் காய்ந்து நாடாபோல ஒட்டியிருக்கும் பால்.
கட்டிப்பால்: மங்கிலேயே உறைந்துபோன பால்.
பெரட்டு: காலையில் ஆள் கணக்கு எடுக்கும் கூட்டம்.
லயம்: தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.
ஆயாக் கொட்டகை: பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.

இவை கொச்சைச் சொற்கள் அல்ல, ஒரு தொழிலின் கலைச்சொற்கள். மாணவர் "காண்டா" என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு "சுமை தூக்கும் கம்பு" என்று திருத்தினால், அந்தப் பிள்ளையின் தாத்தா தோளில் இருந்த தழும்பையும் சேர்த்து அடித்துவிடுகிறோம்.

6. எழுதும்போது இரண்டு பள்ளங்கள்

முதல் பள்ளம், சொர்க்கமாக்குவது. இரண்டாவது, இரக்கப்படுவது. "பாவம், இவர்கள் அறியாமையில் வாழ்கிறார்கள்" என்று எழுதுவதும், "கவலையே அறியாத மக்கள்" என்று எழுதுவதும் ஒன்றுதான். இரண்டிலும் எழுதுகிறவர் தூரத்தில் நிற்கிறார்.

இந்த இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்தி அ: தோட்டப்புற மக்கள் மிகவும் கடினமாக உழைப்பவர்கள். அவர்கள் இரவு பகல் பாராமல் பாடுபடுகிறார்கள். அவர்களின் வியர்வையால் நாடு முன்னேறுகிறது. நாம் அவர்களை மதிக்க வேண்டும்.

பத்தி ஆ: பக்கத்து வீட்டுப் பெரியம்மா காலை 4.30 மணிக்கு அடுப்பு பற்ற வைப்பார். மதியச் சோற்றை அப்போதே தூக்குச்சட்டியில் கட்டிவிடுவார். வானத்தைப் பார்ப்பார், நட்சத்திரம் தெரிந்தால் உளியைத் தீட்டுவார். தெரியாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டாம் பத்தியில் "கடின உழைப்பு" என்ற சொல்லே இல்லை. "மதிக்க வேண்டும்" என்ற கட்டளையும் இல்லை. ஆனால் படித்தவருக்கு மதிப்பு தானாக வருகிறது. நேரம், பொருள், செயல், காரணம் ஆகிய நான்கும் இருந்தாலே போதும். கருத்து விளக்கக் கட்டுரையில் ஒவ்வொரு கருத்துக்கும் இப்படி ஓர் உதாரணம் வைத்துப் பழகுங்கள்.

7. கேட்பது எப்படி?

புதிதாக வருகிறவர் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் கேட்கும் முறை உண்டு. வேலை நேரத்தில் நிரைக்குள் போய் நிற்காதீர்கள். மாலையில் வீட்டுக்குப் போங்கள். வயதுக்கேற்ப அக்கா, அண்ணே, பெரியம்மா, தாத்தா என்று கூப்பிடுங்கள். கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால், "இருக்குதான், என்ன செய்யறது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "உளியை எப்படித் தீட்டுவீங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். ஒருவரிடம் அவருக்குத் தெரிந்ததைக் கேட்பதுதான் அவருக்குத் தரும் மரியாதை. கைப்பேசியில் படம் எடுப்பதாக இருந்தால் அனுமதி கேளுங்கள்.

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ அடுக்குமாடியில் வளரும் மாணவர்கள், "எங்களுக்குத் தோட்டமே தெரியாதே" என்று சொல்ல வேண்டாம். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யாராவது ஒருவர் தோட்டத்திலிருந்து வந்தவராக இருப்பார். அவரிடம் தொடங்குங்கள்.

அந்த மாணவிக்கு வருகிறேன். "எழுதலாம். அதைத்தான் எழுதணும்" என்று சொல்லி மறுபடியும் எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தாள். கட்டிப்பாலின் நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மா எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் கையில் அது கொஞ்சம் தங்கிவிடுமாம். பட்டணத்துக்குப் பேருந்தில் போகும்போது, தோழிகள் யாராவது ஏறினால் அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவாளாம். அம்மா அதைக் கவனித்தும் ஒன்றும் கேட்டதில்லையாம். "இனிமேல் எழுந்து போக மாட்டேன்" என்று ஒரு வரியில் கட்டுரையை முடித்திருந்தாள்.

சந்திப்பிழைகள் ஏழெட்டு இருந்தன. அவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டுரையின் மேல் சிவப்பு மை வைக்கவில்லை.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ கையால் வேலை செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பயன்படுத்தும் ஒரு கருவியைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்டு, பதில்களை அவர் பேசிய மொழியிலேயே எழுதுங்கள்.
2. அந்தப் பதில்களைக் கொண்டு 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். "கடின உழைப்பு", "பாவம்", "சொர்க்கம்", "வெள்ளந்தி" ஆகிய சொற்கள் வரக்கூடாது.
3. மழை நாள் ஒன்றை, நெல் விவசாயி, பால்வெட்டுத் தொழிலாளி, பட்டணத்து மாணவர் ஆகிய மூவரின் பார்வையில் தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள்.
4. ஆசிரியர்களுக்கு: உங்கள் மாணவர்களின் பெற்றோர் வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் ஒரு பட்டியலாகத் தயார் செய்யுங்கள். அடுத்த பெற்றோர் சந்திப்பின் நேரத்தை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.